கயிற்றின் மறுமுனை

"பாப்பா, நீ எவ்ளோ வெயிட்டு இருப்ப?"

மார்கழி மாதத்து மாலை ஒன்றில் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்திய கையோடு உண்ணாமலை கேட்ட கேள்வி இது. மதிவதனி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வேங்கிக்காலில் அந்தப் புது நகருக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகியும், நாலாவது வீட்டு உண்ணாமலையிடம் அவள் ஒரு சிரிப்புக்கு மேல் பேசியதில்லை.

"ஐம்பது இருக்கும்க்கா. ஏன்?"

"கம்மிதான். பரவால்ல. கையக் காட்டு."

மதிவதனி கேட்டுக் கம்பிக்கு இடையே கையை நீட்டினாள். உண்ணாமலை அதைக் கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர் தட்டற கை. மொதல்ல எரியும். அப்பறம் பழகிடும்."

"எதுக்குக்கா பழகணும்?"

"காணும் பொங்கலுக்கு நம்ம பொம்பளைங்க கயிறு இழுக்கப் போறோம். நீயும் வர்ற."

"ஐயோ, நானா? யார் யார்க்கா வர்றாங்க?"

உண்ணாமலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "தோ, நீயும் அதையேதான் கேக்கற. இந்த வரிசையில ஒரு வூடு விடாம ஏறி எறங்கிட்டேன். வரேன்னும் சொல்ல மாட்டாளுங்க, வரலைன்னும் சொல்ல மாட்டாளுங்க. யாரு வர்றாங்க, யாரு வர்றாங்க, இதே பாட்டு."

"சும்மா கேட்டேன்க்கா."

"கீதாஞ்சலி டீச்சர் வர்றாங்க."

"டீச்சரா?" கஞ்சி போட்ட புடவை மடிப்புக் கலையாமல் கடைக்குப் போய் வருபவர் கீதாஞ்சலி. அவர் கயிறு இழுப்பதை மதிவதனியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "நெஜமாவா? அப்படின்னா பாக்கறேன்க்கா."

"பாக்கறதெல்லாம் டிவியில பாத்துக்க. நாளைக்கு சாயந்தரம் பார்க் எடத்துக்கு வந்துடு." ஸ்கூட்டி கிளம்பிவிட்டது.

பார்க் என்றால் பூங்கா இல்லை. பூங்காவுக்கென்று விட்டுவைத்த காலி மனை. மறுநாள் மாலை மதிவதனி அங்கே போனபோது கீதாஞ்சலி ஓரமாக நின்றிருந்தார். மதிவதனியைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"அப்பாடா, வந்துட்டியாம்மா! நீ வர்றேன்னு சொன்னதாலதான் நானே வந்தேன். வாயே தெறக்காத பொண்ணு, அதுவே வருது, உங்களுக்கு இன்னா கேடுன்னு கேட்டா உண்ணாமலை."

"நான் வரேன்னு சொல்லவே இல்லையே மேடம். நீங்க வர்றீங்கன்னுதான் அவங்க சொன்னாங்க."

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அருணாதேவி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "என்கிட்ட உங்க ரெண்டு பேர் பேரையும் சொன்னா!"

ஒருவர் பெயரை வைத்து இன்னொருவர், அவர் பெயரை வைத்து அடுத்தவர். கணக்குப் பார்த்தால் அங்கே நின்றிருந்த யாருமே வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் உண்ணாமலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அசரவில்லை.

"சொன்னப்ப அது பொய்தான். இப்ப நெஜமா இல்லையா? என்னோட சேத்து எட்டு பேர் நிக்கறோம். எண்ணிக்குங்க."

முதலில் சிரித்தது கீதாஞ்சலிதான். அதற்கப்புறம் யாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

உண்ணாமலைக்கு நாற்பத்து மூன்று வயது. ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை. வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் காலையில் மொட்டை மாடியில் பாய் விரித்து யோகா செய்வார்கள். கஞ்சிக் குண்டானோடு மேலே போகும்போதெல்லாம் அவள் அதைக் கவனித்திருக்கிறாள். "ரூம்ல ஒத்தையா செய்யச் சொன்னா ஒருத்தரும் செய்ய மாட்டாங்க. பக்கத்துப் பாய்க்காரர் காலத் தூக்கினா இவரும் தூக்குவாரு" என்பாள். பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வருகிற அதே பெண்கள் காலி மனையில் நாலு சுற்று நடக்க வெட்கப்படுவதையும் அவள் விடமாட்டாள். "அங்க ஊரே நடக்குது, உங்களுக்குக் கால் வலிக்கல. இங்க நீங்க மட்டும் நடக்கணும், அதான் வலிக்குது."

இதையெல்லாம் அவள் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். முந்தின பொங்கலுக்கும் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி வேண்டும் என்று கேட்டது அவள்தான். நகர் வாட்ஸப் குழுவில் எத்தனையோ பெண்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆனால் போட்டியன்று மைதானத்தில் இறங்கியது அவள் ஒருத்தி. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, வருவார்கள் வருவார்கள் என்று வெயிலில் நின்றாள். யாரோ ஒரு பையன் அதைப் படம் பிடித்து, சோகப் பாட்டு சேர்த்து ஸ்டேட்டஸ் போட்டான். ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அதன்பிறகு வெகுநாள் வரை மெயின் தெருவை விட்டுவிட்டுப் பின்பக்க மண் ரோட்டிலேயே வேலைக்குப் போய்வந்தாள்.

இந்த முறை நகர்ச் சங்கச் செயலாளர் சக்கரபாணி கறாராகச் சொல்லிவிட்டார். "பேரு வேணாம்மா, ஆளு வேணும். உங்க மேற்கு வரிசையில எட்டு பேர், எங்க கிழக்கு வரிசையில எட்டு பேர். கயித்துக்கு ரெண்டு பக்கமும் ஆள் நின்னா போட்டி உண்டு. நிக்கலன்னா இதோட இந்தப் பேச்சு முடிஞ்சுது. கோலப்போட்டி இருக்குது, மியூசிக்கல் சேர் இருக்குது, போதும்."

ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. கிழக்கு வரிசைப் பெண்கள் வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். உண்ணாமலை பயந்தது அந்தக் கட்டைவிரல்களுக்குத்தான்.

பயிற்சி ஆரம்பித்தது. முதல் நாள் எல்லோரும் நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். உண்ணாமலை மட்டும் தன் புருஷன் வேணுவின் டிராக் பேண்ட்டில் வந்து நின்றாள். "ஐய, இன்னாடி இது!" என்று வாயில் கை வைத்த அருணாதேவி இரண்டு நாளில் மகனுடைய பேண்ட்டில் வந்தார். வாரம் முடிவதற்குள் நைட்டியில் வந்தவர்தான் கூச்சப்பட வேண்டியிருந்தது.

இழுத்துப் பழக வேணுவின் ஆட்டோதான் கிடைத்தது. கயிற்றை அதன் பின்பக்கம் கட்டி, வேணு கியரில் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டான். எட்டுப் பேரும் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்கள். ஆட்டோ ஏதோ பெருந்தன்மையோடு கொஞ்சம் அசைந்தது.

"சத்தம் ஜாஸ்தி, சரக்கு கம்மி" என்றான் வேணு உள்ளிருந்து.

"நீ வாய மூடிக்கினு உக்காரு."

உண்ணாமலை இரண்டிரண்டு பேராக இழுக்கச் சொன்னாள். ஆச்சரியம், ஆட்டோ அதே அளவு நகர்ந்தது! அருணாதேவியும் கீதாஞ்சலியும் இழுத்தபோது இன்னும் கொஞ்சம் கூடவே வந்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மத்தவங்க இழுக்கறாங்கன்னு நான் கொஞ்சம் விட்டுட்டேன்" என்று கீதாஞ்சலி ஒப்புக்கொண்டார்.

"நானும்தான் மேடம்" என்றாள் மதிவதனி. அங்கே அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

"எங்க கிச்சன்ல தினம் பாக்கறது இது" என்றாள் உண்ணாமலை. "பாத்திரம் கழுவ ஒரே ஒருத்தி வந்தான்னா பளிச்சுன்னு முடிஞ்சிடும். நாலு பேர் வந்த அன்னிக்குத் தொட்டியில அப்படியே கெடக்கும். இனிமே பேர் சொல்லித்தான் கூப்புடுவேன். யாரும் கூட்டத்துல ஒளிய முடியாது."

அன்றிலிருந்து கடைசி ஆளாக, கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, பின்னாலிருந்து ஒவ்வொருவர் பெயராகக் கூவினாள். "அருணாக்கா, குதிகால் எங்க? டீச்சர், மொகத்தச் சுளிச்சா போதாது, இழுக்கணும்! மதி, அப்படித்தான், விடாத!" தன் பெயர் காதில் விழும்போதெல்லாம் மதிவதனிக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் எட்டுப் பேரும் சேர்ந்து ஆட்டோவை வேணுவோடு தெருமுனை வரை இழுத்துப்போனார்கள். வேணு உள்ளே "மெதுவா, மெதுவா!" என்று அலறினான். உள்ளங்கை எரிந்ததுகூடத் தெரியாமல் மதிவதனி சிரித்தாள்.

காணும் பொங்கலும் வந்தது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு. நடுவில் கயிறு, அதில் சிவப்புத் துணி. மேற்கு வரிசை எட்டுப் பேரும் வரிசை பிசகாமல் நின்றார்கள். கயிற்றின் மறுமுனை தரையில் கிடந்தது.

கிழக்கு வரிசைப் பெண்கள் வராமல் இல்லை. பட்டுப்புடவையில், பூ வைத்துக்கொண்டு கும்பலாகத்தான் நின்றார்கள். "நீ போடி, நான் வரேன்." "மொதல்ல அவ எறங்கட்டும்." ஒருத்தியும் கோட்டைத் தாண்டவில்லை.

சக்கரபாணி மைக்கில் இருமினார். "கிழக்கு வரிசை சார்பா யாராவது இருக்கீங்களா? ஒரு தரம்." போன்கள் மேலே எழும்பின. "ரெண்டு தரம்."

உண்ணாமலை தோளில் சுற்றியிருந்த கயிற்றைக் கழற்றினாள். அவள் வரிசையை விட்டு முன்னால் வந்து, மதிவதனியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். மதிவதனி தரையில் கிடந்த மறுமுனையைப் பார்த்தாள். பிறகு கயிற்றை விட்டுவிட்டு, சிவப்புத் துணியைத் தாண்டி, அத்தனை கண்களும் பார்க்க மறுமுனைக்கு நடந்தாள். குனிந்து எடுத்தாள். பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரோ விசில் அடித்தார்கள். அவள் காது கொதித்தது. தலை நிமிரவில்லை. ஆனால் கையை விடவில்லை.

"யாரு வூட்டுப் பொண்ணுடி இது, நம்ம எடத்துல ஒண்டியா நிக்குது?" என்று ஒரு குரல் எழுந்தது. சக்கரபாணியின் மனைவி அன்புச்செல்வி! விறுவிறுவென்று வந்தவர் ஹேண்ட்பேக்கைக் கணவர் கையில் திணித்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மதிவதனிக்குப் பின்னால் நின்றார். ஒரு கையில் மைக், ஒரு கையில் ஹேண்ட்பேக்குமாக சக்கரபாணிக்கு மூன்றாம் தரம் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான், கும்பல் உடைந்தது. செருப்புகள் பறந்தன. "நானும் நானும்" என்று இறங்கியவர்களுக்குக் கயிற்றில் இடம் போதவில்லை. ஒருத்தியை மேற்குப் பக்கத்துக்கு அனுப்பி எண்ணிக்கையைச் சரிசெய்தார்கள்.

விசில் ஊதியதும் மைதானமே அதிர்ந்தது. முதல் தடவை, பழகிய மேற்கு வரிசை மூச்சு விடுவதற்குள் இழுத்துவிட்டது. இரண்டாவது தடவை மதிவதனி தன் பின்னால் நின்றவர்களின் பெயர்களைக் கேட்டு வைத்துக்கொண்டாள். கயிறு இறுகியதும் அவள் தொண்டையிலிருந்து அவளே கேட்டறியாத குரல் வந்தது. "அன்புச்செல்விம்மா, இழுங்க! விடாதீங்க, இழுங்க!" சிவப்புத் துணி தயங்கியது, நடுங்கியது, கிழக்கே வந்தது! மூன்றாவது தடவை இரண்டு பக்கமும் இம்மி நகராமல் நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் கோட்டுக்குள் ஓடிவந்து குதித்தார்கள். திடீரென்று உண்ணாமலையின் கால் வழுக்கியது. மேற்கு வரிசை மொத்தமும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தது.

தோற்றுப்போன உண்ணாமலை புழுதியில் மல்லாந்து கிடந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்புச்செல்வி கணவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கி, "அடுத்த வருஷமும் உண்டு!" என்றார். மைதானத்தில் எழுந்த கூச்சலில் மைக் கீச்சிட்டது.

மதிவதனியின் துணிச்சலை அன்றைக்கு எல்லோரும் பாராட்டினார்கள். அது துணிச்சல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது தரம் சொல்லி முடித்த அந்த நேரத்தில், நடுங்கும் குரலில் உண்ணாமலை அவள் காதில் கேட்டது இதுதான்:

"மதி, எனக்காக அந்தப் பக்கம் போயி கயித்தப் புடிச்சிக்கினு நில்லும்மா. சிரிப்பாங்க. சிரிச்சாலும் வந்துடாத. யாருமே வரலன்னா நீயும் நானும் இழுக்கலாம்."