காரணத்தை எழுதிவிட்டு மூடியவர்

முன்பு என்னோடு கல்லூரியில் வேலை பார்த்த ராஜேஸ்வரி ஓசூரிலிருந்து கூப்பிட்டபோது நான் டுடோரியலில் இரண்டாம் உலகப் போரை நடத்திக்கொண்டிருந்தேன். "சார், நம்ம வெப்சைட்டை மூடினாரே சம்பந்தம், அவரு போயிட்டாராம்" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சம்பந்தத்தின் மகன் பழைய வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஒரே வீச்சில் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். எனக்கும் வந்திருக்கும். நான் அஞ்சல் பெட்டியைத் திறந்து மாதக்கணக்காகிறது. கேட்காதவர்களுக்கு மொத்தமாக மடல் அனுப்பக் கூடாது என்று ஊரோடு சண்டை போட்ட மனிதரின் சாவுச் செய்தி, அப்படித்தான் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. அதைச் சொல்லி ராஜேஸ்வரி சிரித்தார், சிரித்ததற்காக உடனே வருத்தப்பட்டார். நான் இரண்டும் செய்யவில்லை. வகுப்புக்குத் திரும்பிப் போய்ப் போரை முடித்தேன்.

காரியத்தன்று கொடுக்கும் சிறு நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அவர் மகன் என் வீட்டுக்கே வந்து கேட்டார். நல்லதாக மட்டும் எழுத எனக்கு வராது என்றேன். "பரவால்ல சார். 'சார் என் மேல கோவமா இருக்காரு'னு அப்பாவே எல்லார்கிட்டயும் சொல்வாரு" என்றார். ஆகவே எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களில் பலருக்கு அவர் செங்கம் சாலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். எனக்கு அவர் முதலில் லாட்ஜ் சம்பந்தம். மாவட்டம் பிரிந்த வருஷம், வரலாற்று விரிவுரையாளனாக வேலையில் சேர இந்த ஊருக்கு வந்தேன். வீடு கிடைக்கும்வரை தேரடித் தெருவை ஒட்டிய ஒரு லாட்ஜில் தங்கினேன். அவர் அங்கே மேனேஜர். அறைக்கு அறை அவரே எழுதி ஒட்டிய விதிகள் இருக்கும். அறையில் சமைக்கக் கூடாது. பக்கத்து அறைக்குக் கேட்கும்படி பஜனை செய்யக் கூடாது. அறைக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது. ஒரு பௌர்ணமியன்று வேன் நிறைய வந்து இறங்கிய கூட்டம், ஒரே அறை போதும், எல்லாரும் படுத்துக்கொள்கிறோம் என்றது. சம்பந்தம் முடியாது என்றார். கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் மேசையைத் தட்டி, "இன்ஸ்பெக்டர் நமக்கு சொந்தக்காரரு, தெரியுமில்ல? இப்பவே வரச் சொல்லட்டா?" என்றார். "தாராளமா வரச் சொல்லுங்க. ஆனா அந்த மூணு பேர்ல அவரும் ஒருத்தர்தாங்க" என்றார் சம்பந்தம். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்றே அவரைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால்தான் பின்னால் அவ்வளவு வலித்தது.

லாட்ஜ் கைமாறியதும் அவர் வெளியே வந்தார். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்காக செங்கம் சாலையில் கம்ப்யூட்டர்கள் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கினார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடம் மொத்தமாக இடம் எடுத்து, அதைக் கூறு போட்டு உள்ளூர் ஆட்களுக்குக் கொடுப்பார். லாட்ஜுகள், நகைக்கடை, ஜோசியர், எண்ணெய் மசாஜ் செய்கிறவர் என்று எல்லாரும் அவரிடம் குடியிருந்தார்கள். தீபத்துக்கு வந்து கூட்டத்தில் காணாமல் போனவர்களின் படங்களைப் போட ஒரு பக்கத்தைச் சும்மாவே கொடுத்திருந்தார். "லாட்ஜ்தான் சார் இதுவும். கட்டடம்தான் எங்க இருக்குனு எனக்கே தெரியாது" என்பார்.

இதற்கும் விதிகள் எழுதினார். கம்பெனியின் ஆங்கில விதிகள் பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றைத் தமிழில் ஒரே தாளில் அடக்கி, வருகிறவர் கையில் கொடுத்து, எதிரிலேயே படிக்க வைப்பார். உங்கள் பக்கத்தில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு. அடுத்த குடித்தனத்துக்கு வழி அடைபடும் அளவுக்குக் கூட்டம் சேர்க்கக் கூடாது. கேட்காதவருக்கு மடல் அனுப்பக் கூடாது. இப்படிப் போகும் அந்தத் தாளின் கடைசி விதி அவருடைய சொந்தச் சரக்கு. ஆங்கிலத்தில் அது கிடையாது. ஒரு பக்கம் மூடப்பட்டால், ஏன் மூடப்பட்டது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதப்படும்.

கிரிவலப் பாதையில் மடம் வைத்திருந்த ஒரு சாமியார் அந்தத் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனவர். அடுத்த மாதமே உலகத்திலுள்ள முகவரிகளுக்கெல்லாம் தினமும் ஆசி மடல் அனுப்பத் தொடங்கினார். கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்தது. சாமியார் சீடர்களோடு வந்து இறங்கியபோது நான் அங்கேதான் இருந்தேன்.

"ஆசீர்வாதம் பண்றது தப்பாய்யா?" என்றார் சாமியார்.

"தப்பில்ல சாமி. கேட்டவங்களுக்குப் பண்ணுங்க."

"மழை கேட்டா பெய்யுது?"

"மழை மேல யாரும் புகார் குடுக்கலங்க. உங்க மேல அறுபத்து சொச்சம் புகார் வந்திருக்குது."

அன்று மாலையே சாமியாரின் பக்கத்தில், கேட்காதவர்களுக்கு ஆசி அனுப்பியதால் இந்தப் பக்கம் மூடப்பட்டது என்ற வரி வந்தது. நானும் ராஜேஸ்வரியும் பிரிண்ட் எடுத்து ஆசிரியர் அறையில் காட்டிச் சிரித்தோம். எங்கள் முறை வரும் என்று தெரியாது.

எங்கள் கல்லூரியில் வேலைக்குச் சேரும்போது பட்டச் சான்றிதழ்களின் அசலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். திருப்பித் தர மாட்டார்கள். அசல் இல்லாமல் வேறு எங்கும் வேலைக்குப் போக முடியாது. திருப்பிக் கொடுங்கள் என்று கையெழுத்திட்டு மனு கொடுத்த எங்களில் சிலரை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. வேலையும் போயிற்று, சான்றிதழும் அவர்கள் அலமாரியில். கல்லூரி விளம்பரத்தில் ஓடும் பத்திரிகைகள் எங்கள் செய்தியைத் தொடவில்லை. அதனால் ஒரு இணையதளம் தொடங்கினோம். ஒவ்வொருவரும் தன் பெயரில் தன் கதையை எழுதினோம். இடம் கொடுத்தது சம்பந்தம். படித்துவிட்டு, "எல்லாம் நிஜந்தானுங்களே?" என்று மட்டும் கேட்டார். நிஜம் என்றோம்.

பல்கலைக்கழகம் ஒருவழியாக விசாரணைக் குழு அமைத்தது. எங்கள் மனுவில் தளத்தின் முகவரியைக் கொடுத்து, விவரம் அங்கே இருக்கிறது என்று எழுதியிருந்தோம். குழு வரவிருந்த வாரத்தில், கார்த்திகை பிறந்து ஊர் தீபத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, எங்கள் பக்கம் முழுக்க அவதூறு என்ற கல்லூரி வக்கீலின் புகார் நேராக அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கே போயிற்று. இரண்டு நாளில் பக்கத்தை நீக்காவிட்டால் சம்பந்தத்தின் மொத்த இடத்தையும் மூடுவோம் என்று அங்கிருந்து மடல் வந்தது.

சம்பந்தம் விடவில்லை என்பதை நான் சொல்லத்தான் வேண்டும். புகார் பொய், பக்கத்தைப் படித்துப் பாருங்கள் என்று பதில் எழுதினார். அங்கே ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார். அப்போது தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. அதைத் தன் கணினியில் போட்டுக்கொள்ளாதவருக்குத் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளும் குழம்பித் தெரியும். அவர் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. மறுநாள் காலை வந்த பதிலில், உங்கள் பக்கத்தில் இருப்பது ஏதோ ரகசியக் குறியீடு, மறைத்து எழுதியவற்றை வைத்திருப்பது எங்கள் விதிகளுக்கு முரண் என்று இருந்தது. வக்கீலின் புகாரோடு இரண்டாவது குற்றமும் சேர்ந்துகொண்டது.

சம்பந்தம் அந்த மடலைத் திரும்பத் திரும்பப் படித்தார். "தமிழ்னு சொல்லியும் நம்ப மாட்டேன்றான் சார்" என்றார். அன்று பகல் முழுவதும் நான் எங்கள் கதைகளை ஆங்கிலத்தில் சொல்ல, ராஜேஸ்வரி தட்டச்சு செய்ய, அவர் ஒவ்வொன்றாக அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் வந்தது. உங்கள் மடல் கிடைத்தது, நன்றி. அதை இயந்திரம் எழுதுகிறது என்பது எங்களுக்குப் பாதியில்தான் புரிந்தது. புரிந்த பிறகும் அனுப்பிக்கொண்டிருந்தோம். வேறு என்ன செய்வது?

கெடு முடியும் நாள் அவரே மூடப் போவதாகச் சொன்னார். "அவன் மூடினா எல்லாரையும் மூடுவான். நான் மூடினா உங்களை மட்டும். தீபம் வருது சார், காணாம போனவங்க பக்கம் வேணும்."

அதைக்கூட நான் ஏற்றுக்கொண்டேன். ஒன்றே ஒன்று கேட்டேன். குழு வந்து போகும்வரை, பராமரிப்பு வேலை நடக்கிறது என்று போடுங்கள், அவ்வளவுதான்.

"அது பொய்ங்க."

"உலகம் பூரா அப்படித்தான் போடுறாங்க, சம்பந்தம்."

"போடட்டும். சாமியாருக்கு ஒண்ணு, சாருக்கு ஒண்ணுனு எழுத முடியாதுங்க."

"எங்க அஞ்சு பேரோட பிழைப்பு அது."

அவர் திரையின் பக்கம் திரும்பினார். விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டார். புகார் வந்ததாலும் கம்பெனியின் விதிகளுக்கு முரண் என்று கம்பெனி கருதுவதாலும் இந்தப் பக்கம் மூடப்பட்டது; எனக்கு இதில் உடன்பாடு இல்லை என்று எழுதினார். எழுதி முடித்து எங்களைப் பார்த்தார். ராஜேஸ்வரி எழுந்து வெளியே போய்விட்டார்.

விசாரணையன்று கல்லூரி வக்கீல் அந்த வரியை அச்செடுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உடன்பாடு இல்லை என்ற பகுதிக்கு முன்பே தாள் வெட்டப்பட்டிருந்தது. இடம் கொடுத்தவரே விதி மீறல் என்று மூடிவிட்டார், நாங்கள் வேறு என்ன சொல்ல என்றார். மிச்ச வரியும் இருக்கிறது என்று நான் எழுந்து கத்தினேன். உட்காருங்கள் என்றார்கள். குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மனு தள்ளுபடியாயிற்று. எழுதியதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சான்றிதழைத் தருவதாக நிர்வாகம் சொன்னது. ஓசூரில் ஒரு பள்ளி வேலை காத்திருந்ததால் ராஜேஸ்வரி முதலில் போட்டார். கடைசியாக நான் போட்டேன். என் சான்றிதழின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது.

விதி எல்லாருக்கும் ஒன்று என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காமல் போனது அன்றுதான். வக்கீல் வைத்திருப்பவனுக்கு ஒரு மடல் போதும். எங்களுக்கு எத்தனை மடலும் போதவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையை எழுதுவேன் என்று ஒரு மனிதர் உட்கார்ந்திருந்ததால் யாருக்கு என்ன பயன்? இன்றும் கேட்கிறேன். அவர் ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். இதில் என் எண்ணம் மாறவில்லை, அவர் இறந்ததாலும் மாறவில்லை.

கையெழுத்துப் போட்ட மறுநாள் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். தெரு பார்த்தது. மொபெட்டைப் பிடித்தபடி தலை குனியாமல் நின்று கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "முடிஞ்சுதுங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "சரிங்க, அப்புறம் வரேன்" என்று கிளம்பினார்.

அது வெறும் பேச்சு என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும், காய்கறிக் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும், அந்த மொபெட்டை ஓரம் கட்டிவிட்டு, "கோவம் ஜாஸ்தியா கம்மியா சார்?" என்பார். ஜாஸ்தி என்பேன். "சரிங்க" என்று போய்விடுவார். வருஷக்கணக்கில் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். வெளிநாட்டுக் கம்பெனிகள் நேரடியாகவே மலிவாக இடம் விற்கத் தொடங்கியதில் அவர் தொழில் படுத்தது. பிரவுசிங் சென்டர் ஜெராக்ஸ் கடையாயிற்று. கேள்வி மட்டும் மாறவில்லை.

கடைசியாக இந்த மாசியில், பௌர்ணமிக் கூட்டத்தில் அகப்பட்டு வீட்டுக்குப் போக வழியில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். சாலையின் எதிர்ப்பக்கம் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கை தூக்கி ஏதோ கேட்டார். சத்தத்தில் கேட்கவில்லை, என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? நின்று பதில் சொல்லப் பார்த்தேன். பின்னாலிருந்து நெருக்கிய கூட்டம் என்னை முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது நடுவில் தலைகள்தான் தெரிந்தன.

எங்களை வீட்டுக்கு அனுப்பிய கல்லூரித் தாளாளரின் பங்களாவுக்குக் காவலாளி உண்டு. குழுத் தலைவர் ஓய்வு பெற்று எந்த ஊருக்குப் போனார் என்று தெரியாது. ரகசியக் குறியீடு என்று எழுதிய ஆளுக்குப் பெயர்கூடக் கிடையாது. என் வாழ்க்கையைக் கெடுத்தவர்களில் ஒருவரிடம்கூட என்னால் ஒரு சொல் கோபமாகப் பேச முடிந்ததில்லை. அத்தனை பேருக்கும் சேர்த்து, கூப்பிடும் தூரத்தில் நின்று வாங்கிக்கொண்டவர் சம்பந்தம் ஒருவர்தான். அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது இந்தக் கோபம். இதை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.