மூன்றாம் எஞ்சினில் ஊற்றிய எண்ணெய்

டெல்பர்ட் இருபத்திரண்டு வருடம் பிஸ்டன் எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவர். பழைய பயணிகள் விமானங்களை வெட்டி, ராக்கெட் பாகங்கள் நுழையும் அளவுக்கு வயிறு பெருக்க வைக்கும் கொட்டகை ஒன்று சாண்டா பார்பரா விமானத்தளத்தில் இருந்தது. அங்கேதான் அவருக்கு வேலை. முதலில் உருவான விமானத்துக்கு நான்கும் பிஸ்டன் எஞ்சின்கள். கெட்டி எண்ணெய் குடிக்கும். அடுத்தது அதைவிடப் பெரிது. அதற்கு டர்பைன், மெல்லிய செயற்கை எண்ணெய். ஒன்றுக்குரியதை மற்றதில் ஊற்றக் கூடாதென்று தரை கூட்டுபவருக்கும் தெரியும்.

1967 மார்ச்சில் ஒரு காலை, கை பழகிய போக்கில், டர்பைன் விமானத்தின் மூன்றாம் எஞ்சினில் டெல்பர்ட் கெட்டி எண்ணெயை ஊற்றிவிட்டார்.

"ஊத்தியாச்சா டெல்பர்ட்?" என்றான் கூட்டாளி ரூஃபினோ.

"ஆச்சுப்பா. கையெழுத்தப் போடு."

ரூஃபினோ பராமரிப்புப் பதிவேட்டில் போட்டான். விமானம் கிளம்பிய பிறகுதான் காலி டின்னில் 'பிஸ்டன் எண்ணெய்' என்றிருந்த எழுத்து டெல்பர்ட்டின் கண்ணில் பட்டது. விமானிகளை எச்சரிக்க வானொலி அறை நாற்பதடி தூரம்தான். அவர் போகவில்லை. டின்னைக் குப்பைக்கு அடியில் திணித்தார்.

பாலைவனத்தின் மேல் மூன்றாம் எஞ்சின் சூடேறியது. விமானிகள் அதை அணைத்துவிட்டு மற்ற மூன்றை நம்பி இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

மறுநாள் மேற்பார்வையாளர் வெர்ன் இருவரையும் எதிரே நிறுத்தினார்.

"ஊத்துனது டெல்பர்ட்தான் சார்," என்றான் ரூஃபினோ.

டெல்பர்ட் அவன் முகத்தைப் பார்த்தபடியே, "நான் அந்தப் பக்கமே போகலையே," என்றார்.

பதிவேட்டில் இருந்தது ரூஃபினோவின் கையெழுத்து; அவனுக்கு வேலை போயிற்று.

மே மாதம் டெல்பர்ட் பக்கத்து ஊரான கொலீட்டா பக்கம் காரில் போனபோது, எலுமிச்சைத் தோப்பில் ஏணிமேல் நின்று காய் பறிக்கும் ரூஃபினோவைக் கண்டார். வண்டியை நிறுத்தவும் துணிவில்லை. நேரே வெர்னிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"முடிஞ்ச கதைய ஏன்யா கிளறுற? வாய மூடிட்டு வேலையப் பாரு," என்றார் வெர்ன்.

டெல்பர்ட் கேட்கவில்லை. தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு, தன் மெக்கானிக் உரிமச் சீட்டையும் மேசைமேல் வைத்தார்.

ரூஃபினோவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். டெல்பர்ட் அவன் வீட்டு வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

"தப்பா ஊத்துறது யாருக்கும் நடக்கும்யா. நான்கூட ஊத்தியிருப்பேன்," என்றான் ரூஃபினோ. "ஆனா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்ன பாரு, அதுக்கு நான் என்ன பண்றது? போயிட்டு வா."

கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினான். அந்த நிதானத்தைத்தான் டெல்பர்ட்டால் தாங்க முடியவில்லை. வென்ச்சுராவில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்தே மிச்சக் காலத்தை ஓட்டினார். விமான எஞ்சின் எதையும் அதன்பின் அவர் தொடவில்லை.