கைமாறிய மகள்

இரத்தோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. என் தோளில் கைக்குழந்தை. நிற்பவர்களின் பிள்ளையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கிக்கொள்வது இங்கே வழக்கம். மூன்று வயது மகளைப் பச்சைச் சேலைப் பெண் ஒருத்தியிடம் கொடுக்கிறேன். கூட்டம் என்னைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

அடுத்த நிறுத்தத்தில் பச்சைச் சேலை தனியாக இறங்கிப் போவது ஜன்னல் வழியே தெரிகிறது. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போகிறேன். அந்த சீட்டில் இப்போது வேறொரு பெண். மடியில் மரக்கறிப் பை.

"என் புள்ள எங்கங்க?"

"பயப்படாதீங்க தங்கச்சி. அந்தக்கா எறங்குறப்ப முன் சீட்டுல குடுத்துட்டுத்தான் போனாங்க."

முன் சீட்டில், யாரோ ஒருவரின் மடியில் மகள் தூங்குகிறாள். எழுப்ப மனமில்லை. மாத்தளை வரை அவளுடைய சிவப்புச் செருப்பை விட்டு என் கண் நகராது.