இரும்பில்லாத முதுகுப்பட்டை

எங்கள் துறைத்தலைவர் இணையத்தில் ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்ததில்தான் என் தலைவலி ஆரம்பித்தது. தோளில் மாட்டி, இடுப்பில் இறுக்கி, தொடையில் கட்டிக்கொள்ளும் ஒரு முதுகுத்தாங்கி. குனியும்போது முதுகுக்குப் போகிற பாரத்தை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளுமாம். "நாமளும் ஒண்ணு செஞ்சு, கட்டட வேலை ஆட்களுக்குப் போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் ஏ.சி. அறைக்குள் போய்விட்டார். விருதுநகர்ப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் விரிவுரையாளராக இருந்த பாவத்துக்கு, வெயிலில் அலைந்தது நான்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புதிய ஷெட்டுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். செய்த சாமானைத் தூக்கிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் கேட்டிலேயே மறித்தார்.

"இரும்புக் கம்பி இருக்கு, பூராம் நைலான் வேற, உரசினாலே பொறி வரும். இதை மாட்டிக்கிட்டு ஆளு உள்ள போகணுங்கிறீக. அங்கன மருந்து கலக்குறாங்க சார். ஒரு பொறி போதும்."

இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். சிவகாசிக்காரனான எனக்கு மட்டும் தோன்றவில்லை. எரிச்சலோடு திரும்பி வந்து ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்தேன். அதற்குப் பதில் சைக்கிள் டியூப், நைலானுக்குப் பதில் காடாத்துணி, கொக்கிக்குப் பதில் நாடா. தைத்துக் கொடுத்த டெய்லர், "குதிரைக்கா சார்?" என்று கேட்டார். அவரையும் முறைத்துவிட்டு வந்தேன்.

மறுபடி போனால், மேஸ்திரி மூன்று கொத்தனார்களை நிறுத்தி வைத்திருந்தார். சாரத்தில் நின்று நிதானமாகக் கரண்டி பிடிக்கிறவர்களுக்கு முதுகுப்பட்டை எதற்கு? குனிந்து குனிந்து செங்கல்லும் கலவையும் தூக்குவது சித்தாள் பெண்கள்தானே. கத்தாத குறையாகச் சண்டை போட்டு ஒரு அக்காவைக் கேட்டு வாங்கினேன்.

தீப்பெட்டி ஆபீசில் வருடக்கணக்காகக் கூனிக் குறுகி உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டு, பிறகு கட்டட வேலைக்கு வந்தவர் அவர். "நான் படுத்துட்டா, பத்தாவது படிக்கிற பிள்ளையை நிப்பாட்டி வேலைக்கு அனுப்பணும் சார். அம்புட்டுத்தான்" என்றார். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்கள் சட்டையின் மேலேயே பட்டையைக் கட்டிக்கொண்டார்.

சில நாட்கள் கழித்துப் போனபோது முகமே தெளிந்திருந்தது. "இப்பம் புரண்டு படுக்க முடியுது சார்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துறைத்தலைவரிடம் ஓடினேன். "வலி குறைஞ்சிருக்குல்ல? அப்போ சக்சஸ். கட்டுரை எழுதிடுவோம்" என்றார், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

அடுத்த முறை போனபோது அந்த அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். தலையில் இருந்த செங்கல் அடுக்கு மற்றப் பெண்களுடையதைவிட உயரமாக இருந்தது. மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டேன்.

"பெல்ட்டு போட்ட ஆளுக்கு ரெண்டு கல்லு சேத்து வச்சா என்ன சார்? அதுக்குத்தானே கொண்டாந்தீக?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை குழறியது. சோதனை என்றேன், நியாயமா என்றேன். "சரி சார், சரி சார்" என்று தலையாட்டிக்கொண்டே கலவைப் பக்கம் போய்விட்டார்.

அதற்குள் அந்த அக்கா செங்கல்லை இறக்கிவிட்டு வந்து நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் போட்டுப் பாருங்கக்கா, நான் அவர்கிட்ட பேசுறேன்" என்றேன்.

"நீங்க பேசிட்டுப் போயிருவீக. முன்னல்லாம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, பாவம்னு ரெண்டு கல்லைக் குறைப்பாரு. இப்பம் நின்னா, பெல்ட்டு இருக்குல்ல, நடிக்காதேங்காரு."

பட்டையை மடித்து என் கையில் கொடுத்தார். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, மேஸ்திரி கண்ணில் படும்படி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.