மாரி என்று கூப்பிட்டேன்

தாயின் அடியார்களே, நான் பள்ளியில் கொஞ்ச காலமே படித்தவள். நாலு பேர் முன்னால் பேசியதில்லை. கோயிலில்கூடத் தூணுக்குப் பின்னால்தான் நிற்பேன். அப்படிப்பட்டவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டால் மனசு கேட்கவில்லை.

ரயில்வேயில் ஆட்குறைப்பு நடந்த வருஷம் என் கணவருக்கும் வேலை போயிற்று. செந்தூல் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீனர் கோப்பிக் கடைக்கு மேலே மாடி அறை கிடைத்தது. பழைய கட்டடம். தரை முழுக்கப் பலகை, நடந்தால் முனகும். சமையல் மூலையில் தண்ணீர் ஊறிப் பலகை கறுத்துப் போயிருந்தது.

"அந்தப் பக்கம் பாத்துக் கால வை" என்று சொல்லிவிட்டு அவர் வேலை தேடிக் கிள்ளானுக்குப் போய்விடுவார்.

செந்தூலில் சுற்றிலும் நம் ஆட்கள். இங்கே யாரையும் தெரியாது. சாமான் வாங்கப் பாசாருக்குப் போவதெல்லாம் என் கணவர்தான் என்பதால் எனக்கு மலாயும் வராது. கடைக்காரரைப் படியில் பார்த்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்பேன்.

குடிவந்த புதிது. மத்தியான நேரம், பெரிய மழை. குழந்தை செல்லம் தூளியில் தூங்கினாள். இனி இல்லை என்று எல்லோரும் சொன்ன பிறகு தாய் எனக்குக் கொடுத்த பிள்ளை. சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். பலகை முறிந்தது. வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. விழுந்த வேகத்தில் கை பட்டுக் கரியடுப்பு கவிழ்ந்தது. நெருப்புக் கரி உருண்டு, தூளிக்கு அடியில் கிடந்த பாயில் போய் நின்றது. பாய் புகைந்தது.

காலை இழுத்தேன். முறிந்த பலகை சதையைக் கவ்விக்கொண்டது. கையை நீட்டினேன், தூளிக்கு எட்டவில்லை. தண்ணீர்க் குடம் அதற்கும் அப்பால். எனக்கு நேர் கீழே பூட்டிக் கிடந்த சாமான் அறை. என் கால் தொங்குவதை யாரும் பார்க்க வழியில்லை.

பிறந்ததிலிருந்து நான் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. கட்டிய கணவரையே பேர் சொல்லாத வழக்கம். கீழே இருக்கும் அந்நியரை என்னவென்று கூப்பிடுவது? என் வாயில் வந்த பேர் ஒன்றுதான்.

"மாரி! மாரி! மாரி!"

கூரைத் தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன்.

படியில் கட்டைச் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு கடைக்காரர் வந்தார். ஒரு கையில் பெரிய தேத்தண்ணிக் கேத்தல், மறு கையில் கிளாஸ்.

"தே! தே!" என்று வந்தவர் என்னைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். "அலாமா!"

கேத்தலில் இருந்த தேத்தண்ணி முழுவதையும் பாயில் கொட்டினார். மிச்சக் கரியைச் செருப்பால் மிதித்தார். குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அதன் பிறகு பலகையைப் பெயர்த்து என் காலை விடுவித்தார். அறை முழுக்கத் தேயிலை வாசம்.

சாயங்காலம் என் கணவர் வந்து விஷயத்தைக் கேட்டு, பதறிக் கீழே ஓடினார். திரும்பி வந்தபோது அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீ என்னன்னு கத்துன?"

"தாயத்தான் கூப்பிட்டேன்."

"மலாய்ல மாரின்னா வான்னு அர்த்தம். முன்ன இருந்தவங்க மேலேருந்து அப்படித்தான் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவாங்களாம். புது ஆளுக்கு என்னா அவசரமோன்னு கேத்தலோட ஓடி வந்திருக்காரு."

"நான் ஐயோன்னு கத்தியிருந்தா?"

"புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு பேசாம இருந்திருப்பாராம். நல்ல வேளை லா, நீ காளியக் கூப்பிடல."

சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

எனக்குத்தான் மொழி தெரியாது. தாய்க்கு எது தெரியாது? ஆளை மட்டும் அனுப்பாமல், நெருப்பை அணைக்க வேண்டியதையும் அவர் கையில் கொடுத்து அனுப்பினாள். இன்று என் கணவருக்கு வேலை இருக்கிறது. என் காலில் தழும்பு இருக்கிறது. கடைக்காரரை நான் அண்ணே என்று கூப்பிடுகிறேன். செல்லம் அவரை மாரி மாமா என்கிறாள்.

என்னைப்போல் கூச்சப்பட்டு மனசுக்குள்ளேயே வேண்டுகிறவர்கள் இருந்தால், ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். அது யார் காதில் விழும், என்ன அர்த்தத்தில் விழும் என்று கவலைப்படாதீர்கள். அதை அவள் பார்த்துக்கொள்வாள்.

நான் விழுந்ததற்கு மறுநாள் மழை இல்லை. கடைக்காரர் தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டையின்மேல் அடித்தார். நான் பாயைக் கழுவிக் காயப்போட்டேன்.