இடைசெவல் வண்டி

எங்கள் கம்ப்யூட்டர் அறையின் மேசை ஓரத்தில் சாம்பல் நிறத் தொலைபேசி ஒன்று இருந்தது. சாயங்காலமானால் அதற்கு ஓய்வே கிடையாது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிவர ஊர் ஊராக வேன் போகும். நாளைக்கு எந்த ஊரில் கோயில் கொடை, எங்கே பருத்தி எடுப்பு, எங்கே சாவு, துஷ்டி என்று அந்தந்த ஊர்ப் பெண்கள் டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்வார்கள். எடுத்துப் பேசுவது அக்கா. அறையில் என்னோடு வேலை பார்த்தவர், எனக்கு மூத்தவர். கோவில்பட்டியில் தனியாகக் குடியிருந்தார். இடைசெவல் பெண் ஒருத்தி மட்டும் விஷயம் இல்லாவிட்டாலும் கூப்பிடுவாள். “சாப்பிட்டியளாக்கா?” என்று கேட்காமல் போனை வைக்கமாட்டாள்.

விடியற்காலையில் வேன் பட்டியல் தானாக அச்சாவதற்கு கம்ப்யூட்டரில் ஊருக்கு ஒரு ஜாப் போட்டிருந்தார் அக்கா. யார் யாரை எத்தனை மணிக்கு ஏற்றுவது என்று எடுத்துக்கொடுக்கும் குவெரியை ஜாப்புக்குள்ளேயே எழுதிவிடுவார். ஓர் ஊரில் கொடை என்றால் அந்த ஊர் குவெரியைத் திறந்து கையால் திருத்துவார். எனக்கோ சென்னையில் படித்துவிட்டு வந்த மிடுக்கு. எல்லா ஊர் குவெரியையும் சேர்த்து ஸ்டோர்டு புரொசீஜர் என்று ஒரே பொது நிரலாக டேட்டாபேஸில் வைத்துவிட்டு, ஜாப் அதைக் கூப்பிட்டால் போதும். ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா ஊருக்கும் சரியாகிவிடும் என்று தினமும் நச்சரித்தேன். “ஊருக்கு ஊரு சங்கதி வேற தம்பி. ஒரே சட்டையை எல்லாருக்கும் மாட்ட முடியுமா?” என்பார்.

வேலை தொடங்கும் நேரத்தை முன்னதாக்கியபோது அக்கா எல்லா ஊரையும் திருத்தினார், கயத்தாறு மட்டும் விட்டுப்போனது. தூக்குவாளியோடு ரோட்டில் நின்ற பெண்கள் பழைய நேரத்துக்குத் தாமதமாக வந்த வேனைப் பார்த்துத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். மேனேஜர் இனி புரொசீஜர்தான் என்று சொல்லிவிட்டார். இனி லீவை வேன் டிரைவரிடம் சொன்னால் போதும், நான் டேட்டாபேஸ் டேபிளில் ஏற்றிவிடுவேன் என்று ஏற்பாடு. அக்காவே உட்கார்ந்து புரொசீஜரை எழுதினார். நான் எழுதியிருந்தால் அவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது. கடைசி ஊருக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்: “இடைசெவலை மட்டும் விட்ருவோமா தம்பி? ஒத்த ஊருதான?”

எனக்குப் புரிந்தது. தனியாக விட்டால் அந்த ஊர் லீவை மட்டும் பழையபடி போனில்தான் சொல்லியாக வேண்டும். “விட்ருவோம்க்கா” என்றேன். மேனேஜருக்குச் சொல்லவில்லை. மறுவாரமே தொலைபேசி அடங்கிப்போனது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அக்காவிடம் பேச வேண்டிய காரியம் ஒன்றும் மிச்சமில்லை. இடைசெவல் மட்டும் கூப்பிட்டது.

அக்கா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அந்த அறையில் நான் ஒருவன்தான். பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி சென்னையில் இருக்கிறாள். சர்வர் மாறும்போதெல்லாம் இந்த ஒரு ஊர் மட்டும் ஏன் தனியாக இருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

நேற்றுச் சாயங்காலம் மணி அடித்தது. அதே பெண்தான், குரலில் வயது ஏறியிருந்தது. “அண்ணாச்சி, நாளைக்கு எங்கூர்ல கொடை. வண்டி அனுப்பாதிய.” குவெரியைத் திறந்து திருத்தினேன். வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“சாப்பிட்டியளா?” என்றாள்.

நேற்று முழுக்க என்னிடம் அதைக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.