கழுவாமல் திருப்பிக் கொடுத்த இடம்

சிறுவயதில் என் தலையில் விழுந்த குட்டுகள் ஏராளம். ஒன்றைத் தவிர எல்லாமே நான் பாடுபட்டுச் சம்பாதித்தவை. அந்த ஒன்று மட்டும் சித்தப்பாவின் தலையில் விழவேண்டியது, விலாசம் மாறி எனக்கு வந்துவிட்டது என்றுதான் போன பொங்கல் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஆத்தங்குடியில் ஒரு சின்ன டைல்ஸ் பட்டறை. நாங்கள் குடியிருந்தது காரைக்குடியில். வருகிறவர்களிடம் அப்பா ஒரு டைல்ஸ் கல்லைக் கையில் கொடுத்து, "இதையே கூடம் பூரா போட்டா எப்புடி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க" என்பார். அவர்களும் கண்ணை மூடி நினைத்துப் பார்ப்பார்கள். தரை போட்டு முடிந்த பிறகு கண்ணைத் திறந்து, நாங்கள் நினைத்தது இது இல்லையே என்பார்கள். அப்படி இரண்டு வீடுகளில் சண்டையாகிப் போனதில் பட்டறைக்கு வேலை வருவது குறைந்துவிட்டது. நான்கு பேர் வேலை செய்த இடத்தில் இரண்டு பேரை நிறுத்தியாக வேண்டும் என்ற நிலை.

அப்போதுதான் கல்லல் தாத்தா காரைக்குடியில் வீடு கட்ட ஆரம்பித்தார். அப்பாவுக்குத் தூரத்து உறவில் மாமா முறை, கல்லல் ஊரில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கூடம், நான்கு அறைகள், மாடி எல்லாவற்றுக்கும் தரை வேண்டும். அந்த வேலை கிடைத்தால் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கண்ணை மூடி நினைத்துப் பார்க்கிற ஆள் இல்லை அவர். எதையும் எழுதிக் காட்டினால்தான் நம்புவார்.

சித்தப்பா அப்போதுதான் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தார். கம்ப்யூட்டர் படித்தவர். "ஒரு கல்லை மட்டும் படம் புடிச்சு உள்ள குடுத்தா, கூடம் பூரா போட்ட மாதிரி காட்டுறதுக்கு நான் ஒரு புரோகிராம் எழுதுறேண்ணே" என்றார். அதுவரை தன் சட்டைக்குப் பொத்தான் கூடத் தைத்துக்கொள்ளாத மனிதர், ஒரு வாடிக்கையாளருக்காக இப்படி வரிந்துகட்டுவதைப் பார்த்து அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு ஐந்தாம் வகுப்பு முடிந்து முழுப்பரீட்சை லீவு. சித்தப்பா சி மொழியில் எழுத எழுத, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விளக்கம் கேட்பதே என் வேலையாயிற்று. அவரும் சலிக்காமல் சொன்னார்.

"இங்க பாரு ஆத்தா. படத்தை எடுத்தவுடனே ஸ்கிரீன்ல ஒட்டிர முடியாது. மொதல்ல கம்ப்யூட்டர்ட்ட மெமரியில இடம் கேட்டு வாங்கணும். அதுல படத்தை வரஞ்சு முடிச்சுட்டுத்தான் காட்டணும். வேலை முடிஞ்சதும் எடத்தைத் திருப்பிக் குடுத்துறணும். குடுக்காம வாங்கிக்கிட்டே இருந்தோம்னா கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்னுரும்."

எவ்வளவு இடம் என்பதற்கும் கணக்கு உண்டு. அகலத்தில் இருநூறு புள்ளி, உயரத்தில் இருநூறு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. எல்லாவற்றையும் பெருக்கிக் கேட்க வேண்டும். சித்தப்பா முதல் வாரம் மூன்றால் பெருக்க மறந்துவிட்டார். மூன்றில் ஒரு பங்கு இடத்தை வாங்கி முழுப் படத்தையும் அதில் ஊற்ற, படம் வழிந்து அடுத்தவர் இடத்தில் புகுந்து, கம்ப்யூட்டர் நாள் முழுக்க செத்துச் செத்துப் பிழைத்தது. சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய்க் கல்லூரி சிநேகிதர் யாரிடமோ போனில் சந்தேகம் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் சரியாயிற்று. அந்தச் சிநேகிதருக்குப் பொறுமை அதிகம். தினமும் ஒரு மணி நேரம் சந்தேகம் தீர்த்துவைத்தார்.

கல்லின் படம் வருவதற்கு முன்பு சோதித்துப் பார்க்க ஒரு பெண்ணின் படத்தை வைத்திருந்தார் சித்தப்பா. நெற்றியில் சின்னப் பொட்டு, தலையில் மல்லிகை. யார் என்று கேட்டேன். "டெஸ்ட் படம் ஆத்தா. எல்லா ஊர்லயும் இப்புடி ஒண்ணு வச்சுத்தான் டெஸ்ட் பண்ணுவாக" என்றார். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, ராத்திரி படுக்கப்போகும் முன் ஒருமுறை அவர் சோதித்தார். தொழிலில் இவ்வளவு கவனமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் கவனித்துவிட்டேன். இடத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அவருடைய புரோகிராம் அது முழுவதையும் வெள்ளையாகத் துடைத்தது.

"காலியாவா சித்தப்பா திருப்பிக் குடுக்குறீக?" என்றேன்.

எங்கள் வீட்டில் அது பெரிய குற்றம். எதிர்வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை அம்மா ஒருநாளும் வெறுமனே திருப்பி அனுப்பியதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு கத்தரிக்காயாவது போட்டுத்தான் என்னிடம் கொடுத்தனுப்புவாள். இதைச் சித்தப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்கிரீனையே பார்த்தபடி இருந்தார். அன்றைக்கு மாடியில் சந்தேகம் கேட்டது இரண்டு மணி நேரம். இறங்கி வந்து, துடைக்கிற வரியை என் கண் முன்னாலேயே எடுத்துவிட்டார். "நீ சொன்னது சரிதான் ஆத்தா" என்றார். ஒரு பொறியியல் பட்டதாரிக்கே புத்தி சொல்லிவிட்டேன் என்று தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லல் தாத்தா பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பலகாரம் வைத்தாள். அப்பா கைகட்டி நின்றார். பட்டறையில் வேலை செய்கிற நான்கு பேரும் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

சித்தப்பா ஒரு பொத்தானைத் தட்டினார். பச்சையும் சிவப்புமாகப் பூப்போட்ட தரை ஸ்கிரீன் முழுக்க விரிந்தது. தரைக்கு மேலே சுவருக்காக நான்கு விரல் அகலத்துக்கு எதையும் வரையாமல் வெள்ளையாக விட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் வெள்ளை இல்லை. சின்னப் பொட்டு வைத்த ஒரு நெற்றியும் இரண்டு கண்களும், கொஞ்சம் மல்லிகைப்பூவும் இருந்தன. தரைக்குப் பின்னால் நின்று யாரோ எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

தாத்தா கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"என்ன மாப்ள இது? எம் மக உங்க பெட்டிக்குள்ள என்ன பண்றா?"

சித்தப்பா கீபோர்டைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் காப்பாற்ற ஆள் இல்லையே என்று நான் முன்னால் போய் நின்றேன்.

"சித்தப்பா மேல தப்பில்ல தாத்தா. அது டெஸ்ட் படம். காலையில, மத்தியானம், ராத்திரி, மூணு வேளையும் சித்தப்பா அதைத்தான் பாப்பாக. எடத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அதான் பழசு அப்புடியே உள்ள தங்கிருச்சு."

குட்டு அப்போதுதான் விழுந்தது. அப்பாவின் கை, தினமும் கல் தூக்கிக் காய்த்துப்போன கை. கண்ணில் பூச்சி பறந்தது. தாத்தா காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரைச் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போனார். வாசலில் நின்ற நால்வரில் இரண்டு பேர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்கள். தங்கள் வேலை போனது என்னால்தான் என்று அவர்கள் நினைக்கிறார்களோ என்று அழுதேன். சித்தப்பா மட்டும் அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். துக்கத்தில் சிலருக்குப் பசிக்கும் என்று அம்மா சொன்னாள்.

புதன்கிழமை தாத்தா மறுபடி வந்தார். இந்த முறை அவருடைய மனைவியும் கூட வந்தார்கள்.

"மாப்ள, கூடத்துக்கு அந்தப் பச்சைக் கல்லையே போட்டுருங்க" என்றார் அப்பாவிடம். பிறகு, "அந்தப் படத்துல இருந்தவட்டயும் கேட்டேன். சம்மதம்னுதான் சொல்லுறா. சின்னவருக்கு எப்ப தோதுப்படும்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பட்டறையில் நான்கு பேரும் வேலையில் தொடர்ந்தார்கள். ஆவணியில் கல்யாணம் ஆனது. முறைக்கு மட்டும் சித்தியாக இருந்தவள் எனக்குச் சொந்தச் சித்தியே ஆனாள். தலையில் வீக்கம் வற்றியதைத் தவிர எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது நானும் அதே வேலைதான் பார்க்கிறேன். கேமரா படங்களுக்கு மெமரியில் இடம் வாங்குவதும், துடைப்பதும், திருப்பிக் கொடுப்பதும்தான் மாதச் சம்பளம். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணில் சித்தப்பாவின் பழைய சிடி கிடைத்தது. ஆசையாகத் திறந்து படித்தேன். முதல் பத்து வரிக்குள் என் கை தானாகத் தலையைத் தடவியது. கல்லல் தாத்தாவுக்குக் காட்டிய புரோகிராம், தரையை வரைவதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் அந்தப் பெண்ணின் படத்தைத் திறக்கிறது. ஸ்கிரீனில் காட்டவில்லை. திறந்து, அந்த இடத்தைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, உடனே அதே அளவு இடத்தை மறுபடி கேட்டு வாங்குகிறது. அப்படிக் கேட்டால் பழைய படம் கிடக்கிற அதே இடம்தான் திரும்பக் கைக்கு வரும். பிழை இல்லை அது. திட்டம்.

மடிக்கணினியோடு சித்தப்பா முன்னால் போய் நின்றேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கென்ன ஆத்தா தெரியும்? டைப் அடிச்சது மட்டும்தான் நான்."

அடுப்படியில் பலகாரத்துக்குச் சீயம் போட்டுக்கொண்டிருந்த சித்தி திரும்பாமலே பேசினாள். "உங்க சித்தப்பாவுக்கு மூணால பெருக்கவே நான்தான் போன்ல சொல்லிக் குடுத்தேன். எங்கப்பாட்ட நேர்ல வந்து கேக்குற தைரியமா இருந்துச்சு இவுகளுக்கு? கண்ணு ரெண்டும் சரியா செவுத்துல வரணும்னு நான் மூணு தடவை போட்டோ எடுத்து அனுப்புனேன்."

"அப்ப எனக்கு விழுந்த குட்டு?"

சித்தி ஒரு சீயத்தை எண்ணெயிலிருந்து அரித்தெடுத்து என் கையில் வைத்தாள்.

"ஐடியா உன்னோடது தாயி. கிண்ணத்தைக் காலியா குடுக்கக் கூடாதுன்னு நீ சொல்லலைனா எங்களுக்குத் தோணியே இருக்காது. அந்தக் குட்டு உனக்குத்தான் சேரணும்."